கோப்பிக் குடுவையில் மலைநாட்டுத் தேயிலை

2011இல் லண்டனுக்கு வந்து ஈஸ்ட் ஹாமில் குடியேறிய முதல் மாதங்களில், குளிரை விட என்னை வருத்தியது தேநீர்தான். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து கொண்டுவந்த தூளை அம்மாவின் பக்குவத்திலேயே ஊற்றினாலும் சாயம் கலங்கலாகவே இறங்கியது. ஆறத் தொடங்கியதும் மேலே மெல்லிய ஆடை படர்ந்து, கோப்பையின் விளிம்பில் கறையாக ஒட்டிக்கொண்டது. தூள் பழுதாகிவிட்டதென்று நினைத்தேன். குற்றம் தண்ணீரில் இருந்தது. லண்டனின் நீரில் சுண்ணாம்பு மிகுதி என்பதையும், அதுவே தேயிலைச் சத்துடன் சேர்ந்து ஆடையாகிறது என்பதையும் உடன் வேலை செய்த ஒருவர் விளக்கினார். நீரை வடிகட்டிக் கொதிக்கவைத்த அன்றே சாயம் தெளிந்தது.

அவர்தான் பிரெஞ்ச் பிரஸ் என்னும், வலையைக் கீழே அழுத்தி வடிக்கும் கண்ணாடிக் குடுவையையும் அறிமுகப்படுத்தினார். அது கோப்பிக்காகச் செய்யப்பட்டது. எங்கள் முன்னோரும் கோப்பிக்காகவே தமிழகத்திலிருந்து இலங்கை மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின், அதே கைகள்தாம் மலையெங்கும் தேயிலையை நட்டன. அந்தக் குடுவையைக் கழுவும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

முதல் நாள் வழக்கமான தூளைப் போட்டேன். பாதி, வலையைக் கடந்து கோப்பைக்கே வந்துவிட்டது. பிரஸ்ஸுக்கு முழு இலை வேண்டும். ஓபி (ஆரஞ்சு பீக்கோ) எனப்படும் நீண்ட, முறுக்கிய இலையை நான் முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தது லண்டனில்தான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து அடுப்படியில் தூளைத் தவிர வேறொன்றை நான் கண்டதில்லை.

குடுவையை முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்குவேன். ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் அளவில் இலையிட்டு, கொதி அடங்குமுன் நீரை ஊற்றி நான்கு நிமிடம் விடுவேன். முறுக்கு மெல்ல அவிழ்ந்து இலை விரிவதும், செம்பொன் நிறம் அடியிலிருந்து சுருள் சுருளாக எழுவதும் கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். வலையை மெதுவாக இறக்க வேண்டும். அழுத்திப் பிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும். இறக்கிய பின்னும் அடியிலுள்ள இலை ஊறிக்கொண்டே இருப்பதால், முழுவதையும் உடனே கோப்பைகளில் ஊற்றிவிடுவேன். கோப்பியின் எண்ணெய் வலையில் தங்கித் தேநீரின் மணத்தைக் கெடுக்குமென்பதால், இக்குடுவையில் கோப்பி போட யாரையும் விடுவதில்லை.

அம்மா வந்திருந்தபோது இப்படித்தான் ஊற்றிக் கொடுத்தேன். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டு, பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணியாகவே குடித்தார். பிறகு குடுவையிலிருந்து ஈர இலைகளை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்து, தடித்த காம்பு ஒன்றைத் தனியே ஒதுக்கினார்.

"இது முத்தல். கணக்கப்பிள்ளை கண்டிருந்தா கூடையையே கொட்டிக் காட்டச் சொல்லியிருப்பாரு" என்றார். பிறகு கோப்பையை என் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.