பேக்கப் கோப்பு இருந்தது, டேட்டா இல்லை

போன மாதம் ஒரு மதியம், எந்த வரிசைகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை விட்டுப்போன ஒரு அப்டேட் கமாண்ட் எங்கள் பில்லிங் டேட்டாபேஸில் ஓடிவிட்டது. மைஎஸ்கியூஎல் 5.7, மொத்தம் 400 ஜிபி. விலைப்பட்டியல் டேபிளில் ஒன்பது லட்சம் வரிசைகளிலும் விலை பூஜ்யம். கமாண்டை அடித்த தம்பிக்குக் கை நடுங்கியது. "பயப்படாதே, ராத்திரி எடுத்த டம்ப் இருக்கு" என்று அவனிடம் சொன்னேன். டம்ப் என்பது டேட்டாபேஸில் உள்ளதைக் கமாண்டுகளாக எழுதிவைக்கும் பேக்கப் கோப்பு. அந்த நம்பிக்கை பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

ரெப்ளிகா (முதன்மை சர்வரில் நடக்கும் மாற்றங்களைத் தொடர்ந்து நகலெடுக்கும் இன்னொரு சர்வர்) இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். தப்பான அப்டேட் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. டிஸ்க் போனால் ரெப்ளிகா காப்பாற்றும், மனிதர் செய்யும் தவறை அப்படியே நகலெடுக்கும்.

டம்ப் கோப்பு 31 ஜிபி இருந்தது, தேதியும் சரி. விரித்துக் கடைசி வரியைப் பார்த்தேன். முழுதாக முடிந்த டம்ப் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற வரியோடு முடியும். எங்கள் கோப்போ 'டெய்லி' என்று தொடங்கும் ஒரு டேபிளின் பெயரைச் சொல்லும் கமென்ட் வரியோடு நின்றிருந்தது. டேபிள்கள் ஆங்கில அகரவரிசையில் வருவதால் அதற்குப் பிறகு வரவேண்டிய இன்வாய்ஸ், பேமென்ட், ப்ரைஸ் எதுவுமே கோப்பில் இல்லை. முந்தைய நாள் கோப்பும் அப்படித்தான், அதற்கு முந்தையதும் அப்படித்தான். 'ஆடிட்' டேபிள் மட்டுமே மலை மாதிரி பெரியது என்பதால் கோப்பின் அளவு தினமும் ஏறிக்கொண்டே இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

காரணம் இதுதான். சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன் ஆப்ஷனோடு (டேபிள்களைப் பூட்டாமல், தொடங்கிய நேரத்து நிலையையே எடுக்கும் முறை) டம்ப் ஓடும்போது நடுவில் யாரும் டேபிளின் அமைப்பை மாற்றக் கூடாது. ரிப்போர்ட்டுக்கான ஒரு ஜாப் அதே நேரத்தில் அந்த டெய்லி டேபிளை ட்ராப் செய்து (அழித்து) திரும்ப உருவாக்கிக்கொண்டிருந்தது. டம்ப் எர்ரர் சொல்லி நின்றுவிட்டது. ஆனால் டம்ப்பின் வெளியீட்டை பைப் வழியாக, கோப்பைச் சுருக்கும் ஜிஜிப் கமாண்டுக்கு அனுப்பியிருந்தோம். இப்படிக் கோத்த கமாண்டுகளில், அவற்றை ஓட்டும் ஷெல் பார்ப்பது கடைசி கமாண்டின் முடிவை மட்டும்தான். ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்தது, ஸ்கிரிப்ட்டும் 'வெற்றி' என்று மெயில் அனுப்பியது. ஸ்கிரிப்ட்டில் பைப்ஃபெயில் (கோத்த கமாண்டுகளில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைப்பது) என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிக்கும் தளமான கிட்லேபில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான்: டம்ப் எடுக்கும் புரோகிராமின் வெர்ஷன் ஒத்துப்போகாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது, எச்சரிக்கை மெயில்கள் போய்ச் சேரவில்லை, சுமார் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் மீண்டார்கள். அதைப் படித்துவிட்டும் எங்கள் ஸ்கிரிப்ட்டை நான் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்களைக் காப்பாற்றியது பின்லாக், அதாவது டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகப் பதியும் கோப்புகள். ரோ ஃபார்மட்டில் இருந்ததால் ஒவ்வொரு வரிசைக்கும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டும் பதிவாகியிருந்தன. விவரமாகக் காட்டும் வெர்போஸ் ஆப்ஷன் போட்டு விரித்தால், பழைய மதிப்பைக் காட்டும் வேர் பகுதியில் @4=1250 (@4 என்பது நான்காவது காலம், அதாவது விலை), புதியதைக் காட்டும் செட் பகுதியில் @4=0. அந்த 1250-ஐப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. அதை அப்படியே திருப்பிப் போடும் ஸ்கிரிப்ட் எழுதி, வேறொரு மெஷினில் சோதித்து, விடியற்காலை நாலரைக்கு ஒன்பது லட்சமும் திரும்பின. இந்த நிலை உங்களுக்கு வந்தால் முதலில் பின்லாக் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுங்கள், இல்லாவிட்டால் காலாவதியாகி அழிந்துவிடலாம். தவறுக்குப் பிறகு யாராவது கையால் திருத்திய வரிசைகளைத் தனியே ஒதுக்குங்கள், அவற்றின் மேல் பழைய விலையை ஏற்றிவிடாதீர்கள்.

அப்புறம், டேட்டாபேஸின் கோப்புகளையே நேரடியாக நகலெடுக்கும் எக்ஸ்ட்ராபேக்கப்புக்கு மாறினோம். 5.7-க்கு 2.4 வெர்ஷன்தான் வேண்டும். முதல் முறை பகலில் முதன்மை சர்வரான மாஸ்டரிலேயே ஓட்டினேன், மூன்று மணி நேரம் கழித்து நின்றுபோனது. மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் ரீடூ லாக் இயல்பில் 48 எம்பி கோப்புகள் இரண்டுதான். நாங்கள் நகலெடுத்த வேகத்தைவிட வேகமாக அது சுற்றி வந்து மேலெழுதிவிட்டது. ரீடூ லாக்கைப் பெரிதாக்கி, ராத்திரி ரெப்ளிகாவில் ஓட்டியதும் முடிந்தது. டம்ப்பையே தொடர்பவர்கள் ரூட்டீன்ஸ் (டேட்டாபேஸுக்குள் சேமித்த நிரல்கள்), ஈவென்ட்ஸ் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) இரண்டையும் கேட்டு வாங்குங்கள், அவை தானாக வராது.

இப்போது ஞாயிறுதோறும் தனி மெஷினில் பேக்கப்பை ப்ரிபேர் செய்து (பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்து), சர்வரைக் கிளப்பி, முக்கியமான பன்னிரண்டு டேபிள்களில் வரிசைகளை எண்ணுகிறோம். முதல் ரீஸ்டோருக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அந்த எண்ணை மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊருக்கு வெளியே ஒரு நகல் வைக்க டிஸ்க் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.