ஸ்டில்வாட்டரில் காற்று நாட்கள்

மார்ச் 13, 2025, வியாழன்

நாளைக்கான தீ அபாய வரைபடத்தில், எங்கள் ஸ்டில்வாட்டர் இருக்கும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பெரும்பகுதிக்கு உச்சகட்ட நிறம் தீட்டியிருக்கிறது நார்மன் நகரிலுள்ள புயல் கணிப்பு மையம். டொர்னாடோ என்கிற சுழல்காற்றுக்கு வரைபடம் போடும் அதே மையம்தான். டொர்னாடோ எனக்குப் பழகிவிட்டது: சைரன் ஊதினால் ஜன்னல் இல்லாத குளியலறை, தலைமேல் மெத்தை. தீ வந்தால் என்ன செய்வதென்று யோசித்ததே இல்லை.

புல் இன்னும் பச்சை கட்டவில்லை. குளிரில் காய்ந்தது காய்ந்தபடி, முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது.

மார்ச் 14, வெள்ளி, நள்ளிரவு

மதியமே வானம் செம்மண் நிறம். கார் கதவைத் திறந்தேன், காற்று பிடுங்கிக்கொண்டு போனது. மணிக்கு 70 மைலுக்கு மேலாம். சாயங்காலம் ஊரின் மேற்குப் பக்கத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா போனில், "வெளிய போகாதம்மா, கதவச் சாத்திட்டு உள்ளயே இரு" என்றாள். "இது புயல் இல்லம்மா, உள்ள இருந்தாத்தான் ஆபத்து" என்று சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட், லேப்டாப், (ஏனோ) குக்கர் எல்லாவற்றையும் காரில் போட்டேன். இப்போது கிழக்கே தோழி வீட்டில். தலைமுடியெல்லாம் புகை நாற்றம்.

மார்ச் 22, சனி

மாநிலம் முழுக்க அன்று 130க்கு மேல் தீ. 4 பேர் இறந்தார்கள், 400க்கு மேல் வீடுகள் சேதம். என் வீடு தப்பியது.

மேற்கே ஒரு தெருவில் நடந்தேன். ஒரு வீட்டில் செங்கல் புகைபோக்கியும் தபால் பெட்டியும் மட்டும் மிச்சம். அடுத்த வீட்டில் தொட்டிச்செடிகூட வாடவில்லை. காற்றில் பறந்த கங்கு, கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக் குழியில் கிடந்த சருகில் விழுந்தால் போதும், வீடு போச்சு. மரங்களும் காரணம்: இங்கே சிவப்பு சீடார் என்று சொல்வது உண்மையில் ஜூனிபர் மரம். பற்றினால் பந்தம் மாதிரி எரிகிறது. முன்பு புல்வெளித் தீ அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது. தீயை அணைத்து அணைத்து நாமே வளர்த்துவிட்டோம் என்பது என் கட்சி.

மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கின் வறண்ட காற்றும் முட்டும் கோட்டுக்குக் கிழக்கே டொர்னாடோ, மேற்கே தீ. அன்று கோடு எங்களைத் தாண்டிவிட்டது. மிசௌரிக்கு டொர்னாடோ, எங்களுக்கு நெருப்பு. கான்சஸிலோ புழுதி கண்ணை மறைத்து, நெடுஞ்சாலையில் வண்டிகள் மோதி 8 பேர் போனார்கள்.

மே 1, வியாழன்

ஓக்லஹோமா வரலாற்றிலேயே அதிக மழை பெய்த ஏப்ரல் இதுதானாம். எரிந்த மனைகளில் கரித்தண்ணீர் தேங்கி நிற்கிறது. நேற்று போன் அலறியதும் என்னவென்று படிக்கும் முன்பே வாசலுக்குப் போய் மோந்து பார்த்தேன். அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். வெள்ள எச்சரிக்கை.