டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

பெங்களூரில் சிறுதொழில் நடத்தும் தமிழர்கள் பலர், விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற சேவைகளில் தாங்களே இணையதளம் அமைத்துக்கொள்வதா, வெப் டெவலப்பர் ஒருவரிடம் ஒப்படைப்பதா என்று என்னிடம் கேட்கிறார்கள். செலவுக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால், தளம் வெளிவந்த பிறகு அது யார் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதுவே முதல் கேள்வி.

ஸ்ரீராம்புரத்துத் தையல் கடைக்கோ, வீட்டில் நடக்கும் பாட்டு வகுப்புக்கோ முகவரி, நேரம், சில படங்கள், வாட்ஸ்அப் எண் ஆகியவை போதும். அதற்கு விக்ஸ் போன்ற சேவைகள் தரும் ஆயத்த டெம்ப்ளேட்டே, அதாவது முன்பே வடிவமைத்து வைத்த பக்க மாதிரியே, சரியான வழி. ஹோஸ்டிங் (தளத்தைச் சர்வர் என்ற இணையக் கணினியில் வைத்திருப்பது), எஸ்எஸ்எல் (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்கும் ஏற்பாடு), பாதுகாப்பு எல்லாவற்றையும் சேவை தரும் நிறுவனமே கவனித்துக்கொள்ளும். ஆனால் விக்ஸில் செய்த தளத்தை அப்படியே வேறு சர்வருக்கு மாற்ற முடியாது. வெளியேற நினைத்தால் புதிதாகக் கட்ட வேண்டும். தளம் அமைக்க உதவும், 2003 முதல் திறமூல மென்பொருளாக (யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றக்கூடியதாக) இருந்துவரும் வேர்ட்பிரஸில், கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடலாம். சேவையே நின்றுபோவதும் உண்டு. கடைக்காரர்களுக்கு இலவசமாகத் தந்துவந்த எளிய தளங்களை கூகுள் 2024 மார்ச்சில் மூடியது. சொந்த டொமைன், அதாவது தங்களுக்கெனப் பதிவு செய்த இணைய முகவரிப் பெயர், வைத்திருந்தவர்கள் அதே முகவரியைப் புதிய தளத்துக்குத் திருப்பிக்கொள்ள முடிந்தது; கூகுள் தந்த முகவரியையே விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

டெவலப்பரிடம் கொடுத்தாலும் இந்த ஆபத்து நீங்கிவிடாது. அல்சூரில் நடன வகுப்பு நடத்தும் ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்தவர், டொமைனைத் தம் சொந்தக் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். அவர் வேலை மாறி வெளிநாடு சென்றபின், புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவருடைய பழைய முகவரிக்கே போயின. டாட் காம் பெயர் காலாவதியானால் பதிவு நிறுவனம் அதை அதிகபட்சம் 45 நாள் வைத்திருக்கலாம். அது நீக்கப்பட்ட பிறகு, கூடுதல் கட்டணத்துடன் மீட்க 30 நாள் உண்டு. அதற்கும் பின் 5 நாள் கழித்துப் பெயர் பொதுவில் விடப்படும், யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கணக்கு தம்மிடம் இல்லாததால், இந்த அவகாசம் எதுவும் நடன ஆசிரியருக்குப் பயன்படவில்லை. பல ஆண்டுகள் மாணவர்களின் பெற்றோர் அறிந்திருந்த முகவரி கைவிட்டுப் போயிற்று.

நம் ஊருக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே ஒரே பக்கத்தில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வர வேண்டியிருக்கிறது. டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. வரி இடைவெளி குறைவாக இருப்பதால் தமிழின் மேல்விலங்குச் சுழி (‘கீ’யின் மேலே வருவது) வெட்டுப்படுகிறது. கன்னடத்தில் எழுத்தின் அடியில் எழுதப்படும் ஒத்தெழுத்துகள் கீழ்வரியில் இடிக்கின்றன. ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்ற சொல் ஆங்கிலத்துக்கென அளந்த பொத்தானை விட்டு வெளியே வழிகிறது. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், பார்ப்பவரின் ஃபோனில் உள்ள ஏதோ ஓர் எழுத்துரு அந்த இடத்தில் வந்து நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களை இணைத்து, இடைவெளியைக் கூட்டினால் இவற்றில் பெரும்பகுதி சரியாகிவிடும். நம் எழுத்து சிதைந்து கிடக்கும் தளத்தைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த டெவலப்பருக்குக் கூடுதலாகப் பணம் தரலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள சரக்கிருப்பு தளத்திலும் தெரிய வேண்டும், கிளைக்குக் கிளை விலை மாற வேண்டும் என்ற அளவுக்குத் தொழில் வளர்ந்துவிட்டால் டெவலப்பர் இல்லாமல் முடியாது. அப்போது முன்பணம் கொடுக்கும் முன்பே, டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் பதிவாக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைத் தரும் நாளில், அவர் எதிரிலேயே இரண்டு கணக்குகளிலும் நீங்களே நுழைந்து, கடவுச்சொல்லை மாற்றி, தளத்தின் முழுப் பிரதி ஒன்றை உங்கள் கணினியில் இறக்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.