பவளத்துக்குப் பேரீச்சை வேண்டாம்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் வளரும் மலை மைனாவின் பெயர் பவளம். ஆரஞ்சு அலகு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல் மடிப்பு, மஞ்சள் கால், சிறகில் வெள்ளைத் திட்டு, மற்றபடி உடம்பு மினுங்கும் கறுப்பு. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடை மேசையில் ஏறி மிச்சச் சோற்றைக் கொத்தும் ஜாவா மைனாவையும் இதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் சொந்தம்தான். ஆனால் ஜாவா மைனா ஊருக்குள் எதையும் தின்று பிழைத்துக்கொள்ளும். மலை மைனா காட்டு மரங்களின் உச்சியில் பழமும் பூந்தேனும் பூச்சியும் தின்று வாழும் பறவை. மலாய்க்காரர்கள் தியோங் என்பார்கள். புலாவ் ஊபின் பக்கம் போனால் இன்றைக்கும் காட்டில் பார்க்கலாம்.

நான் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தாதி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தசோகை வருவது சாதாரணம். அவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்றுவது எங்கள் அன்றாட வேலைகளில் ஒன்று. வீட்டுக்கு வந்தால் அதற்கு நேர் எதிரான கவலை எனக்கு: பவளத்தின் உடம்பில் இரும்பு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலை மைனாவின் குடல், உணவில் இருக்கும் இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சிக்கொள்ளும். நமக்கு உடம்பில் போதுமான இரும்பு இருந்தால் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வேலை செய்வதில்லை. கூடுதல் இரும்பு கல்லீரலில் தங்கும், பிறகு இதயத்திலும் தங்கும். வெளியே தெரியும்போது பறவைக்கு மூச்சு வாங்கும், வயிற்றில் நீர் கோத்து வீங்கும். சில பறவைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒருநாள் கூண்டின் தரையில் கிடக்கும். டூக்கான் பறவைகளுக்கும் இதே நோய் வரும். வந்த பிறகு சிகிச்சை உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுப்பார்கள், அல்லது தலசீமியா நோயாளிகளுக்குக் கொடுக்கும் இரும்பு நீக்கும் மருந்தையே கொடுப்பார்கள். இருநூறு கிராம் சொச்சம் எடையுள்ள ஒரு பறவைக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என்றால் என்ன என்று என் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் எல்லாக் கவனத்தையும் சாப்பாட்டுத் தட்டிலேயே வைக்கிறேன்.

பவளத்தை முன்பு வளர்த்தவர் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது, கடையில் வாங்கிய தாள்களோடு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். (புதிதாக வாங்க நினைப்பவர்கள் அந்தத் தாள்களைக் கட்டாயம் கேளுங்கள். மலை மைனாவின் அனைத்துலக வணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. உரிமம் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள்.) வந்த வாரமே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் சொன்னதே இரும்பைப் பற்றித்தான்.

நம் வீடுகளில் இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ் வீட்டில் அன்பு என்றால் சத்தானதைக் கொடுப்பது, சத்தானது என்றால் பாதி நேரம் இரும்பு. அம்மா பவளத்தைப் பார்த்ததும் முஸ்தஃபா கடையில் வாங்கிய பேரீச்சம்பழத்தைப் பிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணுதானேம்மா, வாயில்லா ஜீவன், ரத்தம் ஊறட்டும்." பேரீச்சை, உலர்திராட்சை, உலர் அத்தி எல்லாம் தண்ணீர் போய்ச் சுண்டியவை. ஈரப்பழத்தைவிட அவற்றில் ஒவ்வொரு கிராமிலும் இரும்பு கூடுதல். முருங்கைக்கீரையும் பசலையும் அப்படித்தான். அம்மாவுக்கு நான் ரத்தசோகைப் பாடம் எடுக்கவில்லை. "இதுக்கு ரத்தம் ஏற்கெனவே நிறைய ஊறியிருக்கும்மா, இன்னும் ஊறினா ஈரல் தாங்காது" என்றேன். புரிந்துகொண்டார். இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர்தான் விளக்குகிறார்.

இரும்புச் சட்டி இன்னொன்று. தேக்காவில் தேடி வாங்கி, எண்ணெய் தடவிப் பழக்கிய சட்டி. அதில் சமைத்தால் உணவில் இரும்பு இறங்கும், நமக்கு நல்லது. பவளத்துக்குப் பூசணி வேகவைக்க மட்டும் தனியாக ஓர் எவர்சில்வர் பாத்திரம்.

மூன்றாம் மாடியில் இருக்கும் மலாய்ப் பெரியவர் கம்போங் காலத்தில் தியோங் வளர்த்தவர். அப்போது நாய்த் தீவனத்தை ஊறவைத்துக் கொடுப்பார்களாம். பல நாடுகளில் அந்தப் பழக்கம் இருந்தது. நாய்க்கும் பூனைக்கும் செய்யும் தீவனத்தில் இரும்பு நிறைய, அதிலும் இறைச்சியிலிருந்து வருவது எளிதில் உறிஞ்சப்படுவது. இப்போது பழந்தின்னிப் பறவைகளுக்கென்றே இரும்பு குறைத்த உருண்டைத் தீவனம் கிடைக்கிறது. பொட்டலத்தில் "இரும்பு குறைவு" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, எண்ணைப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. எண் போடாத பொட்டலத்தை நான் வாங்குவதில்லை. கிளிக்கு விற்கும் விதைக் கலவையும் ஆகாது. மைனாவின் அலகு விதையை உடைக்கும் அலகு அல்ல.

அடுத்தது வைட்டமின் சி. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. உணவில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதாக உறிஞ்ச வைப்பது வைட்டமின் சி. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்கள் இரும்பு மாத்திரை எடுத்தால் அதை ஆரஞ்சுச் சாற்றோடு குடிக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆகவே ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளை மைனாவுக்குத் தவிர்க்கச் சொல்வார்கள். சரி, ஆரஞ்சை நிறுத்திவிட்டு எல்லோரும் என்ன கொடுக்கிறார்கள்? பப்பாளி. 100 கிராம் ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் வைட்டமின் சி என்றால் பப்பாளியில் ஏறத்தாழ 60. கொய்யாவில் 200-ஐத் தாண்டும். மிளகாய் கொடுத்தால் நன்றாகப் பேசும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பறவைக்குக் காரம் உறைக்காது, அதனால் விரும்பித் தின்னும். பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மிளகாயிலும் வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம்.

பப்பாளியை நான் நிறுத்தவில்லை. அதில் வைட்டமின் ஏ-க்கு மூலமான சத்து இருக்கிறது, பவளத்துக்கு உயிர். நேரத்தைத்தான் பிரித்தேன். கோழிக்குக் கழுத்தடியில் இருப்பதுபோலத் தீனியைச் சேமித்து வைக்கும் பை மைனாவுக்குக் கிடையாது, தின்றது விரைவாக வெளியே போய்விடும். காலையில் வெளிச்சம் வந்ததும் உருண்டைத் தீவனம். பசியில் அதைத்தான் ஒழுங்காகத் தின்னும், பழத்தை முதலில் வைத்தால் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. கூடவே ஆப்பிளோ பேரிக்காயோ இரண்டு துண்டு, அவற்றில் இரும்பும் குறைவு, வைட்டமின் சி-யும் குறைவு. பப்பாளியும் மாம்பழமும் மாலையில், தீவனக் கிண்ணத்தை எடுத்து நெடுநேரம் ஆன பிறகு.

பழம் வாங்குவது எனக்குப் பிடித்த வேலை. பஃபலோ சாலையில் காய்கறி வாங்கப் போகும்போது பவளத்துக்கும் சேர்த்து ஒரு சுற்று. திராட்சை, தர்பூசணி, வாழை, பேரிக்காய், கிடைத்தால் பச்சை அத்தி. ஜம்பு கிடைக்கும் நாளில் அதையும் கொடுப்பேன், சத்தென்று பெரிதாக இல்லை, ஆனால் அந்த மொறுமொறுப்பில் அது விளையாடும். சப்போட்டா நன்றாகக் கனிந்ததாக இருந்தால் ஒரு கீற்று. சிவப்பு டிராகன் பழம் கொடுத்தால் மறுநேரம் எச்சமும் சிவப்பாக வரும், புதியவர்கள் ரத்தம் என்று பதறிவிடுவார்கள். எல்லாவற்றையும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்க வேண்டும், மைனா மெல்லாது, அப்படியே விழுங்கும். ஆப்பிள் விதையை எடுத்துவிடுவேன். அவகாடோ கூண்டுப் பக்கமே வரக்கூடாது, அது பறவைகளுக்கு நஞ்சு. சாக்லெட், கோப்பி, உப்புப் போட்ட எதுவும் அப்படியே.

பத்து விதமான பழம் வைத்துவிட்டால் சத்து சரிவிகிதம் ஆகிவிடும் என்று நினைப்பது எனக்குச் சம்மதமில்லை. பழத்தில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். பப்பாளியில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். பத்துப் பழம் வைத்தாலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வராது. அதனால்தான் எங்கள் மருத்துவர் தீவனம் பாதி, மற்றவை பாதி என்றார். அந்த மற்ற பாதியில் வேகவைத்த பூசணியும் சர்க்கரைவள்ளியும் வரும், வேகவைத்த முட்டையின் வெள்ளையும் வரும். முட்டையின் இரும்பெல்லாம் மஞ்சளில், வெள்ளையில் புரதம் மட்டும். மஞ்சள் என் மகனுக்கு. சிராங்கூன் நார்த் பக்கம் பறவைக் கடைகளில் உயிர்ப் புழுவும் வெட்டுக்கிளியும் கிடைக்கும். மாவுப்புழுவில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மருத்துவர் சொன்ன அளவுக்குச் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவித்தான் கொடுப்பேன். மனிதர்களின் வைட்டமின் மாத்திரையைப் பொடித்துப் போடவே கூடாது, பலவற்றில் இரும்பும் வைட்டமின் சி-யும் ஒன்றாகவே இருக்கும்.

நம் ஊர்ச் சூட்டில் நறுக்கிய பழம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. புளித்த வாசம் வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். குளிக்கும் தண்ணீரையும் குடிக்கும் தண்ணீரையும் தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள், டெங்கிக் கொசுவுக்கு ஒரு கிண்ணம் போதும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் பவளத்தை நிறுத்துக் குறித்து வைக்கிறேன். இறகுகள் மறைப்பதால் இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, எண் காட்டிவிடும்.

பொங்கலுக்குத் திருச்சிக்குப் போகும்போது எதிர்வீட்டு அக்காதான் பவளத்துக்குச் சாப்பாடு வைப்பார். நாங்கள் விமானத்தில் ஏறுவதற்கு முன் அவரிடம் கொடுப்பது இவ்வளவுதான்: அளந்து கட்டிய தீவனப் பொட்டலங்கள், ஒரு பை ஆப்பிள், மருத்துவரின் தொலைபேசி எண், மூச்சு வாங்கினாலோ வயிறு வீங்கினாலோ எங்களுக்கு அழைக்காமல் முதலில் அவரை அழைக்கும்படி ஒரு வரி. பப்பாளி அந்த வாரங்களில் கிடையாது. நேரம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையை இன்னொருவர் தலையில் சுமத்த எனக்கு மனம் வராது.