கோச்சியை விட்டு இறங்கியவள்

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை, குளிரும் பழகினதுதான் என்று அம்மா தைரியம் சொல்லி அனுப்பினார். மழையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. இங்கே வைகாசியில் பிடித்தது ஆவணி வரை விடவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணி காயப்போட்டோம். உடுத்தினால் உடம்பெல்லாம் புகை வாசம். நாலு மணிக்கே லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், இருட்டிவிடும். வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் கொழும்பில் வேலை செய்கிறார்கள், மாதத்தில் இரண்டு தடவை வருவார்கள். அண்ணி குவைத்தில். வீட்டில் இருப்பது மாமி, உயர்தரம் படிக்கும் அண்ணன் மகள், தரம் ஐந்தில் படிக்கும் அவள் தம்பி, அப்புறம் நான்.

என் தாத்தா இந்த மலையில் பிறந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் ஒருவராக, 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எங்களைக் கடைசி வரைக்கும் சிலோன்காரங்க என்றுதான் சொன்னார்கள். இங்கே என்னை இந்தியாக்காரப் புள்ள என்கிறார்கள். விசா தாளுக்காக ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தபோது, அங்கே கொடுத்த சிங்களப் படிவத்தில் ஒரு எழுத்தும் எனக்குப் புரியவில்லை. தாத்தா பிறந்த ஊரில் நான் வாசிக்கத் தெரியாதவளாக நின்றேன். அன்றைக்கு ராத்திரிதான் இந்த வீட்டில் முதல் தடவையாகப் படம் பார்க்க லேப்டாப்பைத் திறந்தேன்.

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள், என்றால் உயிர். அண்ணன் பையனுக்கும் அப்படித்தான், அவன் கேட்டது டீமன் ஸ்லேயர். முதல் அத்தியாயத்தில் தஞ்சிரோ பனியில் கரிக் கூடையைச் சுமந்துகொண்டு மலையிறங்கிப் போகிறான். அடுப்படியில் இருந்த மாமி அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவன் பேயாகிப்போன தங்கச்சியைப் பெட்டிக்குள் வைத்து முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கும் இடம் வந்ததும், "பெட்டிக்குள்ள யாரு?" என்று கேட்டார். சொன்னேன். "கூடைய விடப் பாரமா இருக்குமே" என்றார். முப்பத்தைந்து வருடம் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்தவர் அவர். அந்தத் தொடரைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இப்படி ஒரு வரி இல்லை. என்னைக் கேட்டால் அதன் உயிர் அந்த முதல் அத்தியாயத்தில்தான். பின்னால் வரும் சண்டைகள் கண்ணுக்கு விருந்து, ஆனால் நீளம் அதிகம். பையன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

படம் பேசுவது ஜப்பானிய மொழி, கீழே ஓடுவது ஆங்கிலம். மாமிக்காக நான் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நான் என் தமிழில் சொல்வேன், பிள்ளைகள் திருத்துவார்கள். சமையலறை என்றால் குசினி. ரூம் என்றால் காம்பரா. திண்ணை மாதிரி ஒன்றைக் காட்டினால் அது இஸ்தோப்பு. ஷூ என்றால் சப்பாத்து. ரயில் என்று ஒரு தடவை சொன்னதற்குப் பையன் என் வாயையே பார்த்தான்: "கோச்சி, சித்தி." தாத்தாவும் இப்படித்தான் சொல்லுவார், வயதானவர் பேச்சு என்று நாங்கள் விட்டுவிட்டோம். இந்த வீட்டின் பேச்சை நான் கற்றுக்கொண்டது ஜப்பான் படங்களுக்குக் கதை சொல்லித்தான்.

வந்த புதிதில் எனக்கு மிகவும் துணையாக இருந்த படம் 2016இல் வந்த இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட். சுனாவோ கதாபுச்சி இயக்கியது. ஹிரோஷிமாப் பக்கத்துப் பெண் சுசு, போர்க்காலத்தில் 1944இல், குரே என்னும் கடற்படைத் துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். வீடு மலைச்சரிவில் இருக்கிறது. தண்ணீர் சுமந்துதான் ஏற வேண்டும். நாத்தனாருக்கு அவள் செய்வது எதுவும் பிடிக்காது. அரிசிப் பங்கீடு குறையக் குறைய, காட்டுக் கீரையைப் பறித்து வந்து கொஞ்ச அரிசியோடு சேர்த்துச் சமைக்கிறாள். அந்தச் சமையலைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது: எப்படி நறுக்குகிறாள், எதை முதலில் போடுகிறாள், எவ்வளவு தண்ணீர். போர்ப் படம் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படத்தை நான் புது வீட்டில் அடுப்புப் பற்றவைக்கப் பழகும் ஒருத்தியின் படமாகத்தான் பார்த்தேன். குண்டு விழுந்து அவள் எதை இழக்கிறாள் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இழப்பு அப்படி வலிப்பதற்குக் காரணம், அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் அவள் கைகள் செய்த வேலையையெல்லாம் நாம் கூடவே இருந்து பார்த்திருக்கிறோம் என்பதுதான். மாமிக்கு நாத்தனாரைத்தான் பிடித்தது. "அவளும் பாவம்தானே" என்றார்.

சுசுமே படத்தைப் பற்றி எனக்கும் அண்ணன் மகளுக்கும் இன்னும் தீராத வாக்குவாதம். மகோதோ ஷின்காய் 2022இல் எடுத்தது. மனிதர்கள் விட்டுப்போன இடங்களில் கதவுகள் திறந்துகொள்கின்றன, அவற்றைப் பூட்டாவிட்டால் பூமி அதிரும். பூட்டுவதற்கு முன்னால், அங்கே வாழ்ந்தவர்களின் குரலைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அதில் ஒரு கதவு, மண்சரிவுக்குப் பிறகு கைவிடப்பட்ட ஊரின் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அந்தக் காட்சியில் எங்கள் காம்பராவில் யாரும் பேசவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண்மேடு. கடைசிக் கதவைப் பூட்டும்போது, ஒரு காலைப்பொழுதில் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக் கிளம்பிய எத்தனையோ பேரின் குரல் கேட்கிறது. மாமி எழுந்து வெளியே போய், லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். மழை கனத்தால் தினமும் செய்வதுதான். மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளா சிவப்பா என்று ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் இங்கே படுப்பார்கள்.

அண்ணன் மகள் அந்தப் படத்தில் காதலைப் பெரிதாகச் சொல்கிறாள். எனக்குப் பெரிது நாயகி சுசுமேயின் சித்தி. அம்மாவைச் சுனாமியில் இழந்த பிள்ளையைத் தனியாளாக வளர்த்தவர், ஒரு கட்டத்தில் வெடித்துவிடுகிறார்: என் வாழ்க்கையே உன்னால் போச்சு என்று. பிறகு சைக்கிளில் அந்தப் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகும்போது, அப்படி நினைத்ததும் உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை என்று சொல்கிறார். பேசும் பூனைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இந்தச் சித்திக்குக் கொடுத்திருந்தால் படம் இன்னும் எங்கேயோ போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் குவைத்திலிருந்து அண்ணி அழைக்கும்போது ஃபோனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நான் இஸ்தோப்புக்கு வந்துவிடுவேன். அந்தச் சைக்கிள் காட்சியை நான் மட்டும் தனியாக இன்னும் மூன்று தடவை பார்த்தேன்.

2025இல் வந்த டூரிஸ்ட் ஃபேமிலியை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். இலங்கை நெருக்கடியில் படகேறி இராமேஸ்வரம் போய், சென்னையில் யாரென்று தெரியாமல் வாழப் பார்க்கும் குடும்பம். பேச்சைக் கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் பேச்சை மறைக்க வேண்டும். எனக்கு அது தலைகீழாக நடந்த கதை, அதனால் நிறைய அழுதேன். சசிகுமாரும் சிம்ரனும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வருத்தம் உண்டு, அது அந்தப் படத்தின் மேல் மட்டும் இல்லை. தமிழ் சினிமாவுக்கு இலங்கைத் தமிழ் என்றால் வடக்கின் தமிழ் ஒன்றுதான். மாமி படம் முழுக்கப் பார்த்துவிட்டு, "நம்ம பேச்சு எங்க?" என்று கேட்டார். 2023இல் மலையகத் தமிழர்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே வந்து நினைவுகூர்ந்தார்கள். இருநூறு வருடப் பேச்சு. அதைக் காதில் வாங்கி எழுதும் ஒரு திரைக்கதைக்காக நான் காத்திருக்கிறேன்.

ஃபிரீரென் தொடரைப் பற்றி நீளமாகச் சொல்ல முடியவில்லை. ஆயிரம் வருடம் வாழும் எல்ஃப் பெண், பத்து வருடம் கூடப் பயணம் செய்த வீரன் ஹிம்மெல் கிழவனாகிச் செத்த பிறகு, அவனைத் தெரிந்துகொள்ள முயற்சியே செய்யவில்லையே என்று சவப்பெட்டி முன்னால் அழுகிறாள். பின்னால் வரும் மந்திரவாதித் தேர்வுப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் அந்த அழுகை என்னுடையது. தாத்தா தினமும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தோட்டத்து டிவிசன் பெயர், ஒரு கோயில், ஒரு பாலம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் ஹெட்ஃபோன் போட்டிருப்பேன். இப்போது அந்தப் பாலத்தில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று நினைக்கிறேன். அதே பாலமா என்று கேட்க ஆள் இல்லை.

சரி, நான் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன். ஒன்லி யெஸ்டர்டே, 1991, இசாவோ தகஹாதா. டோக்கியோவில் வேலை பார்க்கும் 27 வயது தாயெகோ, லீவு போட்டுவிட்டு ராத்திரிக் கோச்சியில் யமகதா கிராமத்துக்குப் போகிறாள். அங்கே விடியற்காலையில் குசும்பப் பூ பறிக்கிறார்கள். பூவில் முள் இருக்கும். அந்தக் காலத்தில் கையுறை இல்லாமல் பறித்த பெண்களின் விரல் கிழிந்து ரத்தம் வரும், ஆனால் அந்தப் பூவிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தை அவர்கள் ஆயுளுக்கும் உதட்டில் பூசியதில்லை, அது நகரத்துப் பணக்காரப் பெண்களுக்குப் போய்விடும் என்று தாயெகோவின் குரல் சொல்கிறது. நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். மாமி தன் விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல். எங்கள் வீட்டில் குடிப்பது தூள். நல்ல தேயிலை கப்பலேறிவிடுகிறது.

அதே படத்தில் தோஷியோ என்கிற விவசாயி ஒன்று சொல்கிறான்: நீ இயற்கை என்று பார்த்து ரசிக்கிறாயே, இந்தக் காடு, வயல், ஓடை எல்லாமே மனிதர்கள் வேலை செய்து உண்டாக்கியது. இந்த மலையைப் பார்க்கப் பதுளைக் கோச்சியில் வாசலில் தொங்கிக்கொண்டு வரும் வெளிநாட்டுக்காரர்கள் எத்தனை பேர்! அவர்கள் படம் பிடிக்கும் பச்சை ஒவ்வொரு வாரமும் யாரோ கை வைப்பதால் அப்படி இருக்கிறது, ஒரு வருடம் விட்டால் காடாகிவிடும்.

அண்ணன் மகளுக்கு இந்தப் படம் பிடிக்கவே இல்லை. கோபமே வந்தது. "டோக்கியோவுல இருந்து லீவு போட்டுட்டு யாராவது கொழுந்து எடுக்க வருவாங்களா சித்தி? பத்து நாள் எடுத்துட்டுப் போறவளுக்கு அது அழகாத்தான் இருக்கும்" என்றாள். அவளுக்குப் பிடித்தது யுவர் நேம். அடுத்த பிறவியில் டோக்கியோவில் பையனாகப் பிறக்க வேண்டும் என்று மலைக் கிராமத்திலிருந்து கத்தும் மித்ஸுஹாதான் அவளுடைய ஆள். அவள் கோபம் நியாயமானது. காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அவளை வீட்டில் படிக்கவைக்கிறார்கள். அவளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: அந்தப் படத்துக்கும் அது தெரியும். இங்கேயே இருந்து தோஷியோவைக் கட்டிக்கொள் என்று பாட்டி கேட்டதும் தாயெகோ மழையில் வெளியே ஓடிவிடுகிறாள். தனக்கு இந்தக் கிராமத்தின் மேல் இருந்தது மேலோட்டமான ஆசை என்று அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது, வெட்கப்படுகிறாள். தகஹாதா அவளை லேசில் விடவில்லை. அண்ணன் மகள் யோசித்தாள், ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. பரீட்சை முடிந்ததும் திரும்பப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு மாமி கடைசி வரை பார்க்கவில்லை. ஓய்வுபெறும் வயது தாண்டியும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர், ஐந்து மணிக்கு எழ வேண்டும். தாயெகோ டோக்கியோவுக்குத் திரும்பக் கோச்சியில் ஏறி உட்கார்ந்த இடத்தில் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். போகும்போது ஒன்று சொன்னார். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இந்தியாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப அட்டன் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். கோச்சிக்குள் இருந்தவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பேர். ஏறினவர்கள் யாரும் இறங்கி அவர் பார்த்ததில்லை.

காலையில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமி கொழுந்து எடுக்கப் போகும்போது சுற்றும் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ள போயிருச்சா?"

"இல்ல மாமி. அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கிட்டா. திரும்பி வர்ற கோச்சியில ஏறி வந்துட்டா."

தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். மழை விட்டிருந்தது.

"வந்துட்டாளா" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.