ஈயமா, செம்பு போர்த்ததா?

டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகனுக்குச் சுடும் கிறுக்கு பிடித்திருக்கிறது. சுட்ட தோட்டாக்களின் வெடியுறைகளைப் பொறுக்கி வந்து, புதுப் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறான். அங்கே அது சாதாரணம். நம்மூரில் உரிமம் இல்லாமல் செய்தால் 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் உள்ளே தூக்கி வைத்துவிடும்.

போனில் கேட்டான்: "சித்தப்பா, வார்த்த ஈயக் குண்டு சல்லிசாக் கெடைக்கு. செம்பு போர்த்தது என்னத்துக்கு?"

"வெலைய விடுலே. எந்தத் துப்பாக்கிக்கு, எம்புட்டு வேகத்துக்கு? அதச் சொல்லு மொதல்ல."

ராணுவத்தில் நான் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்க்கிறவன். எஸ்.எல்.ஆர். ரைபிள், பிறகு இன்சாஸ் ரைபிள். கையில் புழங்கியதெல்லாம் ஈயத்தின் மேல் செம்புக் கலவை போர்த்த குண்டு. ஓய்வு பெற்று வந்து பாளையங்கோட்டையில் ஒரு சுடுதல் கிளப்பின் ஆயுத அறையைப் பார்த்துக்கொண்டபோது எல்லாமே தலைகீழ். பாயிண்ட் டூ டூ ரைபிளுக்கு வெறும் ஈயக் குண்டு. சர்வதேசப் போட்டி விதியும் 50 மீட்டருக்கு ஈயம் அல்லது அதுபோல மென்மையான பொருள்தான் என்கிறது.

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. கிளப்பின் குண்டு வினாடிக்கு 330 மீட்டர் சுமாரில் போகும். எஸ்.எல்.ஆர். குண்டு 800-ஐத் தாண்டும். அந்த வேகத்தில் வெற்று ஈயம் குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் வரிப்பள்ளத்தைப் பிடித்துச் சுழலாது, வழுக்கி உரிந்துவிடும். கரிமருந்துக் காலம் வரை ஈயமே போதுமாயிருந்தது. புகையில்லா மருந்து வந்து வேகம் ஏறியதும் போர்வை தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தில் ரூபின் என்பவர் அதற்குச் சற்று முன்பு, 1882-இலேயே, செம்பு போர்த்த குண்டைக் கொண்டுவந்திருந்தார்.

குழலைத் துடைக்கிறவனுக்கு இரண்டும் இரண்டு விதத் தலைவலி. செம்புக் கறைக்கு அமோனியா கலந்த திரவம் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் குழலுக்குள் துடைப்புத் துணியை இழுத்தால் நீலப்பச்சையாய் வந்துவிடும். ஈயம் அப்படிக் கரையாது. வெடியுறை உட்காரும் அறையைத் தாண்டியதும் குழலின் ஆரம்பத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கிடக்கும். வெண்கல பிரஷ் போட்டு முன்னும் பின்னும் உரசினால், பாத்திரத்து ஈயப்பூச்சு உரிகிற மாதிரி மினுமினுவென்று சிம்புகள் உதிரும். அதை ஊதித் தள்ளுகிற பையன்களை நான் சும்மா விட்டதில்லை. ஈரத்துணியில் ஒற்றி எடுக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக்கூடாது.

ஈயம் சூட்டில் உருகித்தான் ஒட்டுகிறது என்பார்கள். பெரும்பாலும் அளவுதான் கோளாறு. குண்டு குழலைவிடச் சிறுத்திருந்தால் பக்கவாட்டில் சூடான வாயு பீறிட்டு அடிப்பாகத்தை அரித்துக்கொண்டு போகும். அதனால் வரிப்பள்ளத்தின் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஈயக் குண்டு இருப்பது வழக்கம். மெழுகு போன்ற மசகும் வேண்டும், வேகம் கூடக்கூட ஆன்டிமணி என்ற உலோகம் சேர்த்த கெட்டி ஈயமாகவும் இருக்க வேண்டும்.

அவனிடம் இருப்பது ஒரு தேர்ட்டி எய்ட் ஸ்பெஷல் ரிவால்வர், ஒரு த்ரீ நாட் எய்ட் ரைபிள். ரிவால்வருக்கு ஈயம் தாராளம். அந்த வேகத்துக்குச் செம்பு தண்டச் செலவு. ரைபிளில் முழு வேகம் வேண்டுமென்றால் செம்பு போர்த்ததுதான், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு வகைக் குண்டுக்கு உரிய மருந்து அளவை மற்ற வகைக்கு மாற்றிப் போடக்கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். போர்வைக் குண்டு குழலில் இறுக்கமாகப் போகும். அழுத்தம் கூடலாம், மருந்து குறைந்தால் நடுவழியில் சிக்கியும் நிற்கலாம். அந்தந்தக் குண்டுக்கு அச்சிட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

"நானே கராஜ்ல உருக்கி வார்த்துக்கிடட்டா சித்தப்பா?" என்றான். வீட்டில் தவழும் பிள்ளை இருக்கிறது. ஈயத்தூசு துணியில், செருப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். வார்த்ததையே விலைக்கு வாங்கு என்றேன். வாங்கியிருக்கிறான். ரிவால்வர் குழலை அளந்து பார்த்தாயா என்று கேட்டால்தான் பேச்சை மாற்றுகிறான்.