ஜன்னலைத் திறக்காமல் ஒரு ஹெக்ஸ் கோப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பழைய கன்ட்ரோலர் போர்டு ஒன்று மறுபடி என் மேசைக்கு வந்திருக்கிறது. ஃபர்ம்வேரில், அதாவது போர்டின் சிப்புக்குள் ஓடும் நிரலில், ஒரு டைமர் கணக்கை மாற்ற வேண்டும். நான்கு வரி வேலை. அந்த நான்கு வரியை கம்பைல் செய்யும், அதாவது சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும், கருவிதான் வில்லங்கம். சிப் செய்தவர்கள் கொடுத்த ஐடிஇ (நிரல் எழுத, கம்பைல் செய்ய எல்லாம் ஒரே ஜன்னலில் தரும் மென்பொருள்), அதனுடன் வரும் சி கம்பைலர், போர்டில் ஏற்றும் கருவி மூன்றுமே விண்டோஸுக்கு மட்டும். புதிய பதிப்பில் இந்தச் சிப்பையே தூக்கிவிட்டார்கள். பதினைந்து வருடப் பழசுதான் கதி. என் மடிக்கணினியில் இருப்பதோ லினக்ஸ் மட்டும். ஒவ்வொரு பில்டுக்கும் ரீபூட் செய்து அங்கும் இங்கும் ஓட எனக்குப் பொறுமை இல்லை.

முதலில் வைன்: விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்கானது. தான் எமுலேட்டர் (வேறொரு கணினியாக நடிக்கும் நிரல்) இல்லை என்பதைப் பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் மென்பொருள் இது. இஎக்ஸ்இ என்ற விண்டோஸ் நிரல் கோப்புக்குள் இருக்கும் கட்டளைகளை ப்ராசஸர் நேராகத்தான் ஓட்டுகிறது. கோப்பைத் திற, நினைவகம் கொடு என்று நிரல் விண்டோஸிடம் கேட்கும் இடத்தில் மட்டும் வைன் குறுக்கே நின்று லினக்ஸிடம் வாங்கிக் கொடுக்கிறது. 1993ல் தொடங்கிய திட்டம், 1.0 என்று எண் போட 2008 ஆனது. நான்கு வரிக்கு நான் அவசரப்படுவது நியாயமில்லைதான்.

இந்த வேலைக்கென்று தனி ப்ரிஃபிக்ஸ் வைத்துக்கொண்டேன். அது வெறும் ஒரு கோப்புறை. சி டிரைவ், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி எல்லாம் அதற்குள் அடக்கம். கெட்டுப்போனால் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அதற்காக அதைப் பாதுகாப்புக் கூண்டு என்று நம்பிவிடக் கூடாது. இசட் டிரைவ் என்ற பெயரில் என் மொத்த டிஸ்க்கும் அந்த நிரலின் கண்ணுக்குத் தெரிகிறது.

32 பிட் பாகங்கள் இல்லை என்று டெர்மினல் முனகியது. போட்டேன். இன்ஸ்டாலர் ஓடி முடிந்தது.

மார்ச் 4, செவ்வாய்

ஐடிஇ திறந்தது! ஐந்து நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

எழுத்துருக்கள் பாதி கட்டம் கட்டமாக. வைனுக்கு விண்டோஸ் பாகங்களைப் போட்டுத்தரும் வைன்ட்ரிக்ஸில் எழுத்துருத் தொகுப்பு போட்டதும் சரியானது. உதவிக் கோப்பு திறக்கவில்லை. அதற்கு லினக்ஸிலேயே வேறு வியூவர் இருக்கிறது, போகட்டும். சிப்பின் பின்களை (கால்களை) அமைக்கும் ஜன்னலுக்கு டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் அடித்தளம் வேண்டுமாம். வைனோடு வரும் அதன் மாற்றான மோனோவில் அது திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. சரி, அசல் டாட்நெட்டையே போடலாம் என்று இறங்கினேன். அது ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய பதிப்புகளை ஏற்றி, நடுவில் இரண்டு முறை அசையாமல் நின்று, ராத்திரி பதினோரு மணிக்கு முடிந்தது. பின்களுக்கான ஜன்னல் திறந்தது. இப்போது ப்ராஜெக்ட் மரத்தைக் க்ளிக் செய்தால் ஐடிஇ மொத்தமும் விழுகிறது. கிணறு வெட்டப் பூதம்.

டெர்மினல் முழுக்க 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கும் வரிகள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து மிரள்வார்கள். அது பெரும்பாலும் வைன் எழுதியவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட குறிப்பு, பிழைக்கும் அதற்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

மார்ச் 6, வியாழன்

இந்த ஃபர்ம்வேரை முதலில் எழுதிய அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தேன். என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, உனக்கு அந்த ஐடிஇ எதுக்கு?"

"பில்ட் பண்ணத்தான் அண்ணா."

"பில்ட் பண்றது அதுவா? உள்ள இருக்கிற கம்பைலர்ல பண்ணுது. அது வெறும் பட்டன்."

இரண்டு நாள் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன். எடிட்டர் என்னிடமே நல்லதாக இருக்கிறது. தேவைப்படுவது கம்பைலர், அசெம்ப்ளர், துண்டுகளை இணைக்கும் லிங்கர், முடிவைப் போர்டில் ஏற்றும் ஹெக்ஸ் கோப்பாக்கும் ஹெக்ஸ் மாற்றி ஆகிய நான்கு சின்ன இஎக்ஸ்இ-கள். ஜன்னல் எதுவும் வரையாத, டாட்நெட் கேட்காத, கோப்பைப் படித்துக் கோப்பை எழுதும் நிரல்கள். வைனுக்கு இதைவிட எளிய விருந்தாளி கிடையாது.

எந்த ஆப்ஷன்களுடன் அவை அழைக்கப்படுகின்றன என்று தெரிய வேண்டும். விழாத நேரம் பார்த்து ஐடிஇ-யில் பில்டை அழுத்திவிட்டு, இன்னொரு டெர்மினலில் ப்ராசஸ் பட்டியலை எடுத்தேன். வைனில் ஓடுவதும் லினக்ஸ் ப்ராசஸ்தானே. முழுக் கட்டளை வரியும் அப்படியே கிடைத்தது. அதைப் பார்த்து, மேக் என்ற பில்ட் கருவிக்கான கட்டளைக் கோப்பான மேக்ஃபைல் எழுதினேன்.

உடனே ஓடிவிடவில்லை. லினக்ஸ் பாதை சாய்கோட்டில் தொடங்கும். விண்டோஸ் கம்பைலருக்கோ சாய்கோடு என்றால் ஆப்ஷன். என் ஹோம் கோப்புறையை 'ஹோம்' என்ற ஆப்ஷனாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லையே என்று திட்டியது. எல்லாப் பாதைகளையும் ரிலேட்டிவாக (இப்போதிருக்கும் கோப்புறையிலிருந்து தொடங்குவதாக) மாற்றியதும் அடங்கியது. அடுத்து, எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று கம்பைலர் எழுதிவைக்கும் டிபெண்டன்சி கோப்பு: பின்சாய்கோடுகள், வரி முடிவில் விண்டோஸ் பாணி இரட்டை எழுத்து. மேக் அதைப் பார்த்து விழிக்கிறது. உரையைத் திருத்தும் செட் கருவியில் ஒரு வரி போட்டு இரண்டையும் துடைத்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து தகராறும் வந்தது. ஹெடர் என்ற துணைக் கோப்பின் பெயர் நிரலில் ஒரு மாதிரி, டிஸ்க்கில் ஒரு மாதிரி இருந்தாலும் வைன் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடும். மேக் அப்படிச் செய்யாது. ஏழு கோப்புகளுக்குப் பெயர் மாற்றினேன்.

கடைசியாக வேகம். ஒவ்வொரு கோப்புக்கும் வைன் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது. பின்னணியில் ஓடும் வைன்சர்வர், வேலை இல்லாவிட்டால் சில நொடிகளில் தானே மூடிக்கொள்ளும்; அடுத்த முறை பச்சைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். அதை மூடாமல் நிற்கச் சொல்லும் ஆப்ஷன் இருக்கிறது. போட்டேன், மொத்த பில்ட் பன்னிரண்டு நொடி.

மார்ச் 8, சனி

பில்ட் ஆகிறது என்பதற்காக நம்பி ஏற்றிவிட முடியுமா? அண்ணன் காலத்தில் விண்டோஸில் உருவான ஹெக்ஸ் கோப்பு கைவசம் இருக்கிறது. மாற்றம் எதுவும் செய்யாத பழைய சோர்ஸை என் வழியில் கம்பைல் செய்து இரண்டையும் ஒப்பிட்டேன். ஏறத்தாழ எல்லா வரிகளும் வேறு வேறு.

வயிறு கலங்கியது. ஆனால் கோப்பின் அளவு வித்தியாசம் வெறும் சில பைட்டுகள். எது எந்த முகவரியில் என்று லிங்கர் எழுதும் மேப் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு இடம் வரை முகவரிகள் ஒத்துப்போகின்றன, அதன் பிறகு எல்லாம் ஒரே அளவு தள்ளி நிற்கின்றன. அந்த இடத்தில் என்ன? பிழைச் செய்திகளுக்காக வைத்த கோப்பின் முழுப் பாதை. நிரலில் எங்கோ ஒரு அசெர்ட் (நிபந்தனை பொய்த்தால் பிழை சொல்லும் வரி), அதற்குள் கோப்புப் பெயரைத் தரும் மேக்ரோ (கம்பைலரே நிரப்பும் சொல்). அண்ணன் கணினியில் டி டிரைவில் குட்டிப் பாதை, என்னிடம் இசட் டிரைவில் நீளமான பாதை. சரத்தின் நீளம் மாறியதால் பின்னால் வந்த அத்தனையும் நகர்ந்திருக்கிறது.

தீர்வு அழகானது. ப்ரிஃபிக்ஸுக்குள் 'டாஸ்டிவைசஸ்' என்று ஒரு கோப்புறை. டிரைவ் எழுத்துகள் எல்லாம் அதில் வெறும் சிம்லிங்க்குகள், அதாவது வேறு கோப்புறையைச் சுட்டும் குறுக்குவழிகள். டி என்று ஒன்று உண்டாக்கி, அண்ணன் வைத்திருந்த அதே கோப்புறைப் பெயருடன் என் ப்ராஜெக்டை அதற்கடியில் நிறுத்தினேன். மறுபடி பில்ட்.

இப்போது நான்கே வரிகள் மாறுகின்றன. அவை கம்பைல் செய்த தேதியும் நேரமும். சி மொழியில் தேதி மேக்ரோ எப்போதும் 11 எழுத்து, நேர மேக்ரோ 8 எழுத்து. எந்த நாளில் பில்ட் செய்தாலும் நீளம் மாறாது, அதனால் எதுவும் நகராது. ஒவ்வொரு ஹெக்ஸ் வரியின் கடைசியிலும் அந்த வரியின் செக்சம் (சரிபார்ப்பு எண்) இருப்பதால் அதுவும் கூடவே மாறியிருக்கிறது. பழைய தேதியையும் நேரத்தையும் தற்காலிகமாகக் கையால் எழுதிவைத்துப் பில்ட் செய்தேன். ஒரு பைட் கூட வித்தியாசமில்லை.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து இன்னொரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆமாம், ஒன்றேதான்.

மார்ச் 11, செவ்வாய்

ஏற்றும் படலம். போர்டில் இரண்டு வழிகள்: சீரியல் வழியாகப் பேசி நிரலை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர், ஓடும் நிரலில் பிழை தேடும் (டீபக் செய்யும்) யூஎஸ்பி ப்ரோப். முதலில் சீரியல்.

யூஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகினால் சாதனக் கோப்பு ஒரு கணம் தோன்றி மறைகிறது. கேபிள் போச்சு என்றே நினைத்தேன். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் லாக்கைப் பார்த்தால், பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அதைக் கைப்பற்றியிருக்கிறது. கேபிளில் இருக்கும் சிஎச்340 சிப்பின் அடையாள எண்ணும் ஏதோ ஒரு பிரெய்ல் கருவியின் எண்ணும் ஒன்று! எனக்கு அந்தச் சேவை தேவையில்லை என்பதால் நீக்கினேன். தேவைப்படுகிறவர்கள் சாதனம் செருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் அந்த ஒரு யூடெவ் விதியை மட்டும் முடக்கினால் போதும். பிறகு சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் என் பெயரைச் சேர்த்து, வெளியே போய் மறுபடி லாகின்.

வைன் சீரியல் போர்ட்டுகளைத் தானே கண்டுபிடித்து எண் கொடுக்கும். யூஎஸ்பி வழி வந்ததற்கு அது கொடுத்த எண் காம்33. ஏற்றும் கருவியோ ஒன்றிலிருந்து ஒன்பது வரைதான் எண்ணத் தெரிந்த காலத்தது. வைனின் ரெஜிஸ்ட்ரியில் 'போர்ட்ஸ்' என்ற சாவிக்கடியில் காம்1 இன்ன சாதனம் என்று எழுதலாம். எழுதினேன். மாறவில்லை. திரும்ப எழுதினேன். மாறவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: வியாழக்கிழமை மூடாதே என்று நானே சொல்லி நிறுத்திய வைன்சர்வர், சொன்ன பேச்சைத் தட்டாமல் இன்னும் நிற்கிறது. அதை நிறுத்தினால்தானே புதிய அமைப்பைப் படிக்கும்.

நிறுத்தியதும் காம்1 வந்தது. புது ஹெக்ஸ் ஏறியது. டைமர் சரியாக ஓடுகிறது.

மார்ச் 14, வெள்ளி

ப்ரோப் வைனில் நடக்காது. லினக்ஸுக்கு யூஎஸ்பி சாதனம் தெரிகிறது, கருவிக்குத் தெரியவில்லை. அந்தக் கருவி தன் சொந்த விண்டோஸ் கெர்னல் டிரைவர் வழியாக ப்ரோபிடம் பேசுகிறது. நிரல்களை ஏமாற்ற வைனால் முடியும். ஹார்டுவேரைத் தொடும் அப்படிப்பட்ட டிரைவருக்கு அடியில் விண்டோஸ் கெர்னலே வேண்டும். இதற்கு மேல் முட்டினால் என் தலைதான் உடையும்.

ஆக டீபக்குக்கு மட்டும் லினக்ஸின் கேவிஎம்மில் ஒரு விண்டோஸ் விஎம் (கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினி). நெட்வொர்க் கொடுக்கவில்லை. ப்ரோபை உள்ளே அனுப்பினேன், வேலை செய்தது, தன் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக் காணாமல் போனது. அந்த நேரத்தில் அது வேறொரு அடையாள எண்ணுடன் மறுபிறவி எடுக்கிறது. விஎம்முக்கு பழைய எண்ணை மட்டும் சொல்லியிருந்தேன். இரண்டு எண்களையும் சேர்த்ததும் திரும்பி வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

நான்கு இஎக்ஸ்இ-களும் அவற்றின் டிஎல்எல் துணைக் கோப்புகளும் மட்டும் உள்ள புது ப்ரிஃபிக்ஸ் ஒன்றை உண்டாக்கும் ஸ்கிரிப்ட், மேக்ஃபைல், ரெஜிஸ்ட்ரி வரி எல்லாம், நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் போயாயிற்று. கம்பைலர் உரிமம் எங்கள் குழுவுக்கு மட்டும் என்பதால் இஎக்ஸ்இ-களைக் கிட்டில் போடவில்லை. அவை எங்கே வைக்கப்பட வேண்டும் என்று மட்டும் எழுதிவைத்தேன். குழுவின் சின்னப் பையன் அவன் கணினியில் ஓட்டிப் பார்த்தான். முதல் தடவை டி லிங்க் இல்லாமல் விழுந்தது, ஸ்கிரிப்டில் ஒரு வரி கூடியது.

மாலையில், ஐடிஇ-யும் டாட்நெட்டும் இருந்த அந்த முதல் ப்ரிஃபிக்ஸை அழித்தேன். டிஸ்க்கில் நான்கு ஜிபி திரும்பி வந்தது.